வீதிக்கும் பலியா?

2009இல் போர் ஓய்ந்தபின் வன்னியை ஊடறுக்கும் ஏ-9 வீதி செப்பனிடப்பட்டது. வீதி சீர்பெற்றது, வேகமும் பெருகிற்று. முந்த முனையும் கார் எதிர்வரும் வாகனத்துடன் நேருக்குநேர் மோதின், தலையும் நெஞ்சும் சிதையும். சந்தியில் பக்கவாட்டில் இடிபடின் விலாவும் இடுப்பும் முறியும். வேகம் இருமடங்காயின் மோதலின் வலு நான்கு மடங்காகும்.

இருளில் பின்விளக்கின்றி நெல்லேற்றிச் செல்லும் உழவு இயந்திரப் பெட்டியோ இன்னும் கொடியது. காரின் முன்புறம் பெட்டியின் அடியிற் புக, அதன் விளிம்பு காரோட்டியின் தலையைத் தாக்கும்.

கமக்காரர் பெட்டிக்குச் சிவப்பு விளக்குப் பொருத்துக! காரோட்டும் உத்தியோகத்தர் வேகந் தணித்து ஆசனப் பட்டி அணிக! இருசாராரையும் வேண்டி நிற்கின்றோம். போர் தின்று எஞ்சிய உயிர்களை வீதிக்கும் பலியிடுவதோ?