ஈஸ்டும் தலையெழுத்தும்

கள்ளை நுரைக்க வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குச் சர்க்கரையைச் சாராயமாக்குவதே பிறவிக் குணம் என்றிருந்தோம். 2018-ல் ஸ்வீடன் தேசத்துச் சால்மர்ஸ் சர்வகலாசாலையார் அதன் மரபணுக்களைத் திருத்தி, நாளடைவில் பழக்கி, சாராயம் உண்டாக்குவதை நிறுத்தி, லிட்டருக்கு 33.4 கிராம் கொழுப்பமிலம் கொடுக்கும்படி செய்துவிட்டார்கள். பிரமன் எழுத்து என்னவாயிற்று?

உடலோடு பிறந்த குணமே இப்படி மாறுமானால், பிறர் ஒட்டவைத்த தலையெழுத்து மாறாதா? ஜவ்வாது மலைப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாமைக் காடும் தேனும் போதாதா, இரசாயன சாஸ்திரம் எதற்கு என்கிற கனவான்களைத்தான் கேட்கிறோம். அம்மலையை அடுத்த புலியூர் ஸ்ரீபதி 2024-ல் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றபோது இவர்கள் அதிசயப்பட்டார்களேயன்றி வெட்கப்படவில்லை. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் நுண்ணோக்கியும், அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியரும் தரச் சர்க்கார் இவ்வருஷமே பணம் ஒதுக்க வேண்டும்.