புகையாய்ப் போகும் கப்பம்

சிகரெட்டை விடுவதும் விடாததும் அவரவர் சொந்த விஷயம் என்று கூறுவோர் நமது முற்போக்கு வட்டாரத்தில் ஏராளம். நானும் பதினொரு ஆண்டுகள் அவ்வாறே கூறித் திரிந்தவன். அக்கூற்றின் பொய்ம்மையை எனக்கு உணர்த்தியவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். மகன் பாடசாலைக்கு வராத காரணத்தைச் சொல்லப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வந்த ஒரு தொழிலாளி.

அவரை வராந்தாவில் நிறுத்திவைத்து உபதேசம் செய்தேன். பிள்ளையின் பஸ் காசுக்கு வழியில்லை என்கிறீர்களே, பீடிக்கு மட்டும் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தலைகுனிந்தபடியே, "சேர், ஒங்க சட்டையிலயும் அந்த வாடதானுங்க அடிக்குது" என்றார். மாணாக்கர் கேட்டிருந்தனர். அன்றிரவு சிகரெட்டை விட்டேன். ஒன்பதாம் நாள் மீண்டும் பற்றவைத்தேன்.

ஏன் தோற்றேன்? வைராக்கியம் போதவில்லை என்பார்கள் ஒழுக்கவாதிகள். பாதி உண்மைகூட இல்லை. இழுத்த புகையிலுள்ள நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளையைச் சென்றடைகிறது. சில மணி நேரத்தில் அதன் அளவு தாழ்கிறது. பழகிய மூளை மறுபடி கேட்கிறது. விட்டவனுக்கு முதல் சில நாட்கள் கொடியவை. எரிச்சலும் தூக்கமின்மையும் வாட்டும். சில வாரங்களில் அவை தணிந்துவிடும். நான் அந்தக் கொடிய நாட்களைக் கடந்துவிட்டிருந்தேன். என்னை வீழ்த்தியது ஓர் இலக்கியக் கூட்டம். கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில், ஏகாதிபத்தியத்தைக் காரசாரமாகச் சாடிக்கொண்டே நண்பரொருவர் பெட்டியை நீட்டினார். "ஒன்றே ஒன்றுதானே!" என்றார். அந்த ஒன்று மறுநாள் ஐந்தாயிற்று. விட்டவனுக்கு ஒரு சிகரெட் என்பதே கிடையாது. இதை நான் அறிய மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன.

நண்பர் சாடிய ஏகாதிபத்தியம் எங்கே இருந்தது? அவர் விரலிடுக்கில் இருந்தது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். புகையிலையை அவர் அறியார். அது ஐரோப்பியர் கப்பலேறி நம் கரைக்கு வந்த சரக்கு. தேயிலைக்காக நம் பாட்டன்மாரை இம்மலைகளுக்கு ஏற்றிய அதே பிரித்தானிய மூலதனத்தின் உறவினரே சிகரெட் வியாபாரத்தையும் நடத்தினர். 1932இல் நிறுவப்பட்ட சிலோன் டொபாக்கோ கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்குரியவை. சிகரெட்டின் விலையில் பெரும்பகுதி அரசுக்கு வரியாகச் செல்கிறது என்பது உண்மை. இலாபமோ கடல் கடக்கிறது. சுதந்திரம் பெற்ற நாட்டில், விரும்பி, வரிசையில் நின்று, நாம் கட்டும் கப்பம் இது.

இந்தக் கப்பத்தின் பாரம் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என வர்த்தமானி அறிவித்தது. அவ்வாண்டில் பெயர்பெற்ற சிகரெட் ஒன்று நூறு ரூபாவுக்கு மேல் விற்றது. மூன்று சிகரெட் புகைத்தால் அடிப்படைச் சம்பளத்தில் ஐந்திலொரு பங்கு கரைந்துவிடும். அதனால் அவன் பீடிக்கு இறங்குகிறான். ஆனால் பீடியின் புகை ஏழைக்கு இரங்குவதில்லை. மலையேறும் பெண்ணோ பசியை மறக்க வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்கிறாள்; வாய்ப்புற்றுநோய்க்கு அதுவே வாசல். விடியற்குளிரில் பெரட்டுக்களத்தில் நிற்பவனையும், அரைவயிற்றோடு கொழுந்து பறிப்பவளையும் பார்த்து, "தோட்டத்துச் சனங்களுக்கு ஒழுக்கமில்லை" என்று சொல்பவனே பிற்போக்காளன். நானும் அந்த வராந்தாவில் அதைத்தான் செய்தேன்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுத்தது. 2015இல் பெட்டியின் 80 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படம் மூட வேண்டுமெனத் திருத்தம் வந்தது. நல்லவை. ஆனால் எங்கள் மலைப்பகுதிக் கடைகளில் நான் கண்டது வேறு. பெட்டியாக வாங்க வசதியற்றவனுக்குக் கடைக்காரர் ஒன்றை உருவிக் கொடுக்கிறார். எச்சரிக்கைப் படம் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. புகைத்தலை விட விரும்புவோர் அழைப்பதற்கென அறிவிக்கப்பட்ட தொலைபேசி இலக்கம் 1948. மலையகத்தானுக்கு அவ்விலக்கம் வேறொன்றையும் நினைவூட்டும்: இலட்சக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டினது. அன்று மறுத்த கை இன்று உதவ நீளுமானால் பற்றிக்கொள்வோம். ஆனால் அதன் மறுமுனையில் எங்கள் மொழி ஒலிக்க வேண்டும். தோட்ட மருந்தகத்திலும் அந்த உதவி கிடைக்க வேண்டும். ஒற்றைச் சிகரெட் விற்பனை ஒழிய வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இவற்றையும் மேசையில் வைக்கட்டும்.

"சமுதாயம் மாறட்டும், பிறகு விடுகிறேன்" என்பார் நம் நண்பர். அவருக்கு ஒரு வரலாறு சொல்வேன். புகைத்தலே நுரையீரல் புற்றுநோயின் முக்கிய காரணம் என்று 1950இல் ரிச்சர்ட் டோலும் பிரட்ஃபோர்ட் ஹில்லும் எழுதினர். 1954 ஜனவரியில் அமெரிக்கக் கம்பனிகள் நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டு ஐயத்தை விதைத்தன. அந்த ஐயத்தில் மயங்காமல் பிரித்தானிய மருத்துவர்கள் பெருந்தொகையினராய்ப் புகைத்தலைக் கைவிட்டனர். அவர்களை 1951 முதல் ஐம்பதாண்டு தொடர்ந்த ஆய்வு 2004இல் சொன்னது இது: முப்பது வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளையும் மீட்டுக்கொள்கிறார். ஊருக்கு மருந்து சொல்பவர்களே முதலில் விட்டார்கள். ஊருக்கு எழுத்துச் சொல்பவர்கள் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?

மூன்றாம் முறை நான் விட்டது தனியனாக அல்ல. சக ஆசிரியர் இருவர் துணைநின்றனர். ஆசை எழும்போது அது சில நிமிடங்களில் அடங்கும் என்று அறிந்து, அந்த நிமிடங்களை அவர்களோடு பேசிக் கழித்தேன். தேநீர்க் கடை வாசலைச் சில மாதங்கள் தவிர்த்தேன். நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

அந்தத் தொழிலாளியும் இப்போது விட முயல்கிறார். இருமுறை தவறிவிட்டார். அதை என்னிடம் ஒளிக்கவில்லை, நானும் கண்டிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கு வரும்போது என்னைத் தேடி வருகிறார். இருவரும் தேநீர் குடிக்கிறோம். ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது பெரிய தியாகம் அல்ல. ஓய்வறையிலிருந்தும் கூட்டங்களிலிருந்தும் புகையை வெளியேற்றுங்கள். விட்டவன் ஒருவன் அருகே நின்றால், பெட்டியை நீட்டாதீர்கள்.