அழித்து எழுதினால் குற்றமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கணக்கு என்றதும் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். வீட்டில் நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். பேத்தி ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தவள், அரை மணி நேரம் கழித்துத் தேம்பித் தேம்பி அழுகிறாள். போய்ப் பார்த்தேன். 1764-ஐ 28-ஆல் வகுக்க வேண்டும். அந்த ஒரு கணக்கிலேயே நிற்கிறாள். ஈவு எழுதும் இடத்தில் அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. அடுப்படியிலிருந்து என் மகள் சத்தம் போடுகிறாள்: "சும்மா சும்மா அழிக்காதடி! யோசிச்சு ஒரே தடவையில சரியாப் போடு!"

எனக்குச் சுருக்கென்றது. அது என்னுடைய வாக்கியம். என் மகள் என் வகுப்பில்தான் அஞ்சாவது படித்தாள். அங்கே கேட்டதைத்தான் இருபத்தைந்து வருஷம் கழித்துத் தன் பிள்ளையிடம் சொல்கிறாள். என் வகுப்பில் படித்த உங்களில் பல பேருக்கும் அது காதில் ஒலிக்கும்.

அந்த வாக்கியம் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றிலும் வாய்ப்பாடும் முறையும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு படியிலும் என்ன எழுத வேண்டும் என்பது நேராகக் கிடைத்துவிடும். ஓரிலக்க எண்ணால் வகுக்கும்போதும் ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு கைகொடுக்கும். வகுக்கும் எண் இரண்டு இலக்கமாக ஆனவுடன் நிலைமை மாறிவிடுகிறது. 28-ஆம் வாய்ப்பாடு யாருக்கும் மனப்பாடம் கிடையாது. 176-ல் 28 எத்தனை தடவை போகும்? அஞ்சா, ஆறா, ஏழா? போட்டுப் பார்த்தால்தான் தெரியும். தொடக்கப்பள்ளிக் கணக்கில் ஒரு பிள்ளை ஊகித்து, சோதித்து, திருத்த வேண்டிய முதல் இடம் இதுதான். அங்கே போய் நின்றுகொண்டு "ஒரே தடவையில சரியாப் போடு" என்றால் பிள்ளை என்ன செய்யும்?

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது 1980-ல். நீள் வகுத்தலுக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நாலு படி: வகு, பெருக்கு, கழி, இறக்கு. பாட்டு மாதிரி சொல்ல வைப்போம். பெருக்கத் தெரியும், கழிக்கத் தெரியும், இறக்குவதற்குத் தனித் திறமை வேண்டாம். முதல் படியான அந்த 'வகு'வில் எந்த எண்ணைப் போடுவது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எங்களுக்கு யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. "பார்த்துப் போடு" என்பார்கள். நானும் என் பிள்ளைகளிடம் அதையே சொன்னேன்.

இப்போது ஒரு பழைய கதை. பெயர் சொல்லமாட்டேன். அவன் இந்தப் பதிவைப் படிப்பான்.

தொண்ணூறுகளில், சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி. அஞ்சாவதில் ஒரு பையன். வகுத்தல் கணக்கு கொடுத்தால் நோட்டையே கறுப்பாக்கிவிடுவான். எழுதுவான், அழிப்பான், எழுதுவான், அழிப்பான். எச்சில் தொட்டு அழித்துத் தாள் கிழிந்துவிடும். நான் சிவப்பு மையில் 'அசுத்தம்' என்று எழுதுவேன். ஒரு நாள் ரப்பரைப் பிடுங்கி என் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். "இனிமே ரப்பர் இல்லாம போடு, அப்பதான் கவனம் வரும்" என்றேன்.

கவனம் வந்தது. நோட்டு சுத்தமானது. எல்லாக் கணக்கும் சரி. நானும் 'நன்று' போட்டுக்கொண்டே போனேன். ஒரு நாள் ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வந்தார். அந்தப் பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒரு வகுத்தல் கணக்கு கொடுத்தார். அவன் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு எண்கூட எழுதவில்லை. தப்பாகவாவது ஒன்று எழுதலாம் அல்லவா? எழுதவில்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கும் அவனைத்தான் திட்டினேன்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டான். அதற்கு வீட்டு நிலைமை உள்படப் பல காரணங்கள். என்னால்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் கணக்கைப் பார்த்து அவன் பயந்தது என் வகுப்பில்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ரூமுக்கு டைல்ஸ் ஒட்ட ஒருவர் வந்தார். பார்த்தால் அவன்தான். நாற்பது தாண்டிய ஆள், கீழே ரெண்டு பேர் வேலை செய்கிறார்கள். ரூம் 14 அடிக்கு 11 அடி. டேப்பை மடக்கிக்கொண்டே, "பத்துப் பெட்டி ஆகும் டீச்சர். சேதாரத்துக்கு ஒண்ணு கூடப் போட்டுக்குங்க" என்றான். எப்படிடா சொன்னாய் என்று கேட்டேன். "தரை 154 சதுர அடி. ரெண்டுக்கு ரெண்டு கல்லு, பெட்டிக்கு நாலு. அப்ப ஒரு பெட்டி 16 சதுர அடி. பத்துப் பெட்டின்னா 160, போதும். ஒன்பதுன்னா 144, பத்தாது."

154-ஐ 16-ஆல் வகுத்திருக்கிறான். பத்தைப் போட்டுப் பார்த்தான், ஒன்பதைப் போட்டுப் பார்த்தான், முடிவு சொன்னான். நான் டிராயரில் பூட்டி வைத்த கணக்கு அதுதான். "அன்னைக்கு போர்டுல இப்படிப் போட்டிருக்கலாமேடா" என்றேன். சிரித்துக்கொண்டே, "நீங்கதான் ரப்பரைப் பிடுங்கி வச்சுக்கிட்டீங்களே டீச்சர்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், அழிப்பதைக் குற்றமாக்கியது நோட்டுப் புத்தகம்தான் என்று தோன்றுகிறது. என் வயதுக்காரர்கள் சிலேட்டில் படித்தவர்கள். கோவை இலையை வைத்துத் தேய்த்தால் பலகை பளிச்சென்று ஆகிவிடும். எத்தனை தடவை தப்புப் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. அதற்கும் முந்தைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதினார்கள். கையால் தடவினால் அழிந்துவிடும். பழைய இந்தியக் கணித மரபில் கணக்குப் போடுவதற்கே 'தூளிகர்மம்' என்று ஒரு பெயர் உண்டு. தூசியில் செய்யும் வேலை என்று அர்த்தம். பலகையில் தூசியைப் பரப்பி, எண்ணை எழுதி, அழித்து, அதே இடத்தில் புது எண் எழுதுவார்கள். அவர்களுக்கு அழிப்பது கணக்கின் ஒரு பகுதி. நாம்தான் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, அதற்குக் கையெழுத்து மார்க்கும் வைத்து, பிள்ளையைப் பயமுறுத்திவிட்டோம்.

சரி, பேத்திக்கு வருகிறேன். அழுகையை நிறுத்தச் சொல்லி, பழைய காலண்டர்த் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தைக் கொடுத்தேன். "விடை குத்துமதிப்பா எவ்வளவு வரும், சொல்லு" என்றேன். முழித்தாள். "28 பத்துத் தடவை எவ்வளவு?" "280." "நூறு தடவை?" "2800." "நம்மகிட்ட 1764தானே இருக்கு?" "அப்ப நூறு வராது அம்மாச்சி. பத்துக்கும் நூறுக்கும் நடுவுல." ஈவு இரண்டு இலக்கம் என்பது கணக்கைத் தொடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து, "28 எதுக்குப் பக்கத்துல இருக்கு?" என்றேன். 30. "176-ல 30 எத்தனை தடவை போகும்?" மூன்றாம் வாய்ப்பாட்டை வைத்து அஞ்சு என்றாள். போடு என்றேன். ஐந்து இருபத்தெட்டு 140. 176-ல் 140 போனால் 36. "மீதி 36 இருக்கே, அதுல இன்னொரு 28 போகுமா?" போகும். உடனே ரப்பரைத் தேடினாள். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். 36-லிருந்து இன்னொரு 28-ஐக் கழித்தால் 8. மேலே அஞ்சோடு ஒன்று சேர்த்தால் ஆறு. நாலை இறக்கினால் 84. அதில் 28 மூன்று தடவை. விடை 63. கண்ணீர் காய்வதற்குள் கணக்கு முடிந்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெற்றோர்கள் கவனியுங்கள். 28-ஐ 30 ஆக்கினோம், அதாவது கூட்டி முழுதாக்கினோம். அப்படிச் செய்தால் ஊகம் சரியாக வரும், அல்லது குறைவாக வரும். குறைவாக வந்தால் மீதி, வகுக்கும் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரியதாகவோ நிற்கும். அழிக்க வேண்டாம், இன்னொரு தடவை கழித்தால் போதும்.

குறைத்து முழுதாக்கினால் ஊகம் அதிகமாகப் போகலாம். 1587-ஐ 23-ஆல் வகுக்கும்போது 23-ஐ 20 என்று வைத்தால், 158-ல் 20 ஏழு தடவை என்று வரும். ஏழு இருபத்துமூன்று 161. 158-லிருந்து கழிக்க முடியாது. அப்போது ஒன்றைக் குறைத்து ஆறு போட வேண்டும். 138 போக மீதி 20. ஏழை இறக்கினால் 207, அதில் ஒன்பது தடவை. விடை 69.

கழிக்க முடியவில்லையா, ஊகம் அதிகம். மீதி குறையவில்லையா, ஊகம் கம்மி. எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று கணக்கே சொல்லிவிடுகிறது. வாத்தியார் பிரம்போடு பக்கத்தில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

குத்துமதிப்புக்கு இன்னொரு பயன் உண்டு. 3612-ஐ 12-ஆல் வகுக்கச் சொன்னால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 31 என்று எழுதுவார்கள். 36-ல் 12 மூன்று தடவை. ஒன்றை இறக்கினால் 1-ல் 12 போகாது. அங்கே பூச்சியம் போட மறந்து அடுத்ததையும் இறக்கிவிடுவார்கள். நூறு தடவை 12 என்றால் 1200, நம்மிடம் இருப்பது 3612, அதனால் விடை மூன்று இலக்கம் என்று முதலிலேயே தெரிந்த பிள்ளை 31-ஐப் பார்த்ததும் நின்றுவிடும். 301 என்று திருத்தும்.

என் தம்பி மகன் இன்ஜினியர். அவன் இதைப் படித்தால் என்ன கேட்பான் என்று தெரியும்: "போன்ல கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு அத்தை?" நியாயமான கேள்வி. ஐந்து இலக்க எண்ணை மூன்று இலக்க எண்ணால் வகுக்கும் கணக்கை ஐம்பது போடச் சொல்வதை நானும் இப்போது ஆதரிக்கவில்லை. அது கை வலிக்கத்தான் உதவும். ஆனால் கால்குலேட்டரில் ஒரு பூச்சியம் கூடுதலாகத் தட்டிவிட்டால், விடை தப்பு என்று யார் சொல்வது? பத்துப் பெட்டி டைல்ஸுக்குப் பதில் நூறு பெட்டி என்று திரை காட்டினால், "இருக்காதே" என்று ஒரு மனம் சொல்ல வேண்டும். அந்த மனத்தைப் பழக்கத்தான் வகுத்தல்.

நிலைமையும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி பற்றி வரும் அசர் அறிக்கையில் கணக்கின் உச்சப் படியே மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுப்பதுதான். 2022-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அது வந்தது. கொரோனாவுக்கு முந்தைய 2018-லும் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் மக்கு என்று நான் நம்பத் தயாராக இல்லை.

வீட்டில் மூன்று காரியம் செய்யுங்கள். கணக்குக்குப் பக்கத்தில் ஒரு ரஃப் தாள் கொடுங்கள், அதில் எவ்வளவு கிறுக்கினாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். வகுக்கும் எண்ணின் 2 மடங்கு, 5 மடங்கு, 10 மடங்கை ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 28-க்கு 56, 140, 280. பத்து மடங்கில் பாதிதான் ஐந்து மடங்கு என்பதால் பிள்ளையே போட்டுவிடும். கடைசியாக, தப்பான ஊகத்தை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். பிள்ளை எப்படி யோசித்தது என்று உங்களுக்கும் தெரியும். பள்ளியில் மார்க் குறைத்தால், நீங்கள் போய் டீச்சரிடம் பேசுங்கள். அந்த டீச்சர் என் மாணவியாகவே இருந்தால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்கள், இரண்டு இலக்க வகுத்தலை வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

தம்பி, நீ படித்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கு நீ செய்ததுதான் சரியான முறை. எழுதிப் பார்த்தாய், பொருந்தவில்லை, அழித்தாய், மறுபடியும் எழுதினாய். தெரியாதது எனக்குத்தான். அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. பேத்தி லீவுக்கு வரும்போது, அந்தப் பத்துப் பெட்டிக் கணக்கை அவளுக்கு நீயே சொல்லிக்கொடு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்