பூனை வளர்த்தால் எலி ஒழியுமா?

“எலித்தொல்லையா? ஒரு பூனை வளர்த்துவிடுங்கள்.” இந்த யோசனையைச் சொல்லாத அக்கம்பக்கம் இல்லை. பூனை வந்த பிறகும் எலி ஓடினால் பழி பூனையின் தலையில் விழும்: “வேளாவேளைக்குத் தின்றுவிட்டுத் தூங்குகிறது, சோம்பேறி!” பூனை எலி பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. அது பிடிப்பதாலேயே வீட்டில் எலி ஒழிந்துவிடும் என்பதுதான் தவறு. இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “எந்த எலி வந்தாலும் பூனை பிடித்துவிடும்.”

சுண்டெலி முப்பது கிராமுக்குள் அடங்கும். பூனைக்கு ஏற்ற இரை. பெருச்சாளி அப்படியல்ல. அரைக் கிலோவைத் தாண்டி வளரும், மூலையில் மடக்கினால் திருப்பிக் கடிக்கும். அமெரிக்காவின் பால்டிமோர் நகர எலிகளைப் பற்றி ஜேம்ஸ் சைல்ட்ஸ் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகளிடம் சிக்கியவை பெரும்பாலும் 200 கிராமுக்கு உட்பட்ட இளசுகள். குட்டி போடும் பெரிய எலிகள் தப்பிவிட்டன. எலியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரம்தான். போன குட்டிகளின் இடத்தை அடுத்த ஈற்று நிரப்பிவிடும்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், நூற்றுக்கும் மேற்பட்ட எலிகள் குடியிருந்த ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தை மைக்கேல் பார்சன்ஸ் குழுவினர் 79 நாட்கள் கேமரா வைத்துக் கவனித்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு இது: தெருப்பூனைகள் பதுங்கிப் பின்தொடர்ந்தது 20 முறை, கொன்றது இரண்டே எலிகளை.

2. “பூனை வாடை பட்டாலே எலி ஓடிவிடும்.”

பயம் உண்மைதான். ஆனால் பயந்த எலி வீட்டைக் காலிசெய்வதில்லை, ஒளிந்துகொள்கிறது. புரூக்ளினிலும் பூனை நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது. அவை மறைவிடங்களை நோக்கி நகர்ந்தன. பார்க்கிறவருக்கு எலியே குறைந்துவிட்டதாகத் தோன்றும். நம் வீடுகளில் அந்த மறைவிடம் பரணாகவோ, ஃபால்ஸ் சீலிங்காகவோ, சமையல் மேடைக்கு அடியிலோ இருக்கும். பூனையை நம்பி நாம் தேடுவதையும் விட்டுவிடுவதால், வயர் அறுபட்ட பிறகுதான் விஷயம் தெரியவரும்.

3. “சோறு போடாமல் விட்டால் தானாக வேட்டையாடும்.”

பசி மட்டுமே வேட்டையைத் தூண்டுவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் எலியைப் பிடித்து, தின்னாமல் போட்டுவிட்டுப் போகும். இறைச்சி மிகுந்த தீனி கொடுத்தால் பூனை வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைகிறது என்று இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு 2021இல் காட்டியது உண்மை. குறைந்ததே தவிர, நிற்கவில்லை. பட்டினி போட்டால் பூனை நம் வீட்டு எலிக்காகக் காத்திருக்காது. தீனி கிடைக்கும் வீட்டைத் தேடிப் போய்விடும். இரையை மடக்கிக் கொல்லும் பழக்கமும் பெரும்பாலும் தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. பிறந்த சில வாரங்களில் பிரித்து அடுக்குமாடிக்குக் கொண்டுவந்த பூனையிடம் அதை எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

4. “பூனையோடு எலி மருந்தும் வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு.”

இருப்பதிலேயே ஆபத்தான வாதம் இதுதான். கடையில் கிடைக்கும் எலி கேக்குகளில் பலவற்றில் இருப்பது புரோமாடியோலோன். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அந்தத் தள்ளாடும் எலிதான் பூனைக்குச் சுலபமாக அகப்படும். ஒன்றைத் தின்று தப்பலாம், தொடர்ந்து தின்றால் நஞ்சு பூனையின் உடலிலும் சேரும். சோர்வு, ஈறில் இரத்தம், கருத்த மலம் தெரிந்தால் தாமதிக்காமல், மருந்தின் உறையோடு கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. துத்தநாகப் பாஸ்பைடு பொடிக்கு அதுவும் கிடையாது. வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும்.

மனிதருக்கும் இது விளையாட்டல்ல. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர் பகுதியில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். பசை அட்டையும் வேண்டாம், பூனையின் காலும் ரோமமும் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்துருண்டையும் பூனைக்கு நஞ்சுதான்.

5. “பூனை தின்றுவிட்டால் நோய்க்கவலை தீர்ந்தது.”

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியே பரவுவது. எலி செத்தாலும், அது நனைத்துப் போன இடத்தைக் கழுவியே ஆக வேண்டும். டாக்சோபிளாஸ்மா கிருமி உள்ள எலியைத் தின்ற பூனை, சில வாரங்களுக்கு அதைத் தன் மலத்தில் வெளியேற்றலாம். மலத்தட்டைத் தினமும் சுத்தம்செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும், ஏனென்றால் வெளிவந்த கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் அந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் பூனையால் பயனே இல்லையா? உண்டு. ஆக்ஸ்போர்டு உயிரியலாளர் சார்ல்ஸ் எல்டன் பண்ணைப் பூனைகளைப் பற்றி 1953இல் எழுதிய கட்டுரை அதைத் தெளிவாக்குகிறது. வேறு வழியில் எலியை ஒழித்த பண்ணைகளில், அவை மீண்டும் குடியேறாமல் பூனைகள் பார்த்துக்கொண்டன. அந்தப் பூனைகள் இடத்தை விட்டுப் போகாமல் இருக்க உதவியது அவற்றுக்கு ஊற்றிய பால். ஆக, பூனை காவல்காரன். ஏற்கெனவே உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்த வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஓட்டைகள்: ஆறு மில்லிமீட்டர் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். குழாய் நுழையும் துளைகளைச் சிமெண்டாலும் கம்பி வலையாலும் அடையுங்கள். துணியோ தெர்மகோலோ வைத்தால் கடித்துவிடும். அடுத்து தீனி: அரிசி மூட்டை, திறந்த குப்பைக்கூடை இவற்றோடு, இரவு முழுக்கக் கிடக்கும் பூனையின் கிண்ணமும் எலிக்கு விருந்துதான். வேளைக்கு வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மூன்றாவதாக, பூனையின் கால் எட்டாத இடத்தில், சுவரோரமாகக் கூண்டுப்பொறி. இத்தனையும் செய்த பிறகு பூனை தூங்கினால் தூங்கட்டும். எலியில்லாத வீட்டில் அதற்கு வேறு என்ன வேலை?