பேங்க் சாவியைத் தூக்கிப் போடாதீங்க!

லேபில் ஃபெடோரா போட்டு அப்பாச்சி சர்வர் ஓட்டியவர்களுக்கு இது பழகிய கதை. ஹோம் டைரக்டரியில் எழுதிய பக்கத்தை 'மூவ்' செய்து சர்வர் டைரக்டரிக்குக் கொண்டுபோவோம். பிரவுசரில் 'ஃபர்பிடன்' என்று வரும். பெர்மிஷன் 777 கொடுத்தாலும் அதே பாட்டுதான். உடனே பக்கத்து மெஷினிலிருந்து ஒரு சீனியர் குரல்: "செட்என்ஃபோர்ஸ் 0 அடிடா மச்சி, சரியாயிடும்!"

சரியாகத்தான் ஆகும். ஆனால் என்ன நடந்தது? வாட்ச்மேன் கேட்டில்தான் இருக்கிறார். வருகிறவன் போகிறவனை நோட்டில் எழுதிக்கொள்கிறார், யாரையும் தடுப்பதில்லை!

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஏதாவது ஒரு பேங்க்கில் லாக்கர் வைத்திருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நம்ம சாவி மட்டும் போட்டால் திறக்காது, பேங்க் சாவியும் வேணும். 777 நம்ம சாவி. அதை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். எஸ்இலினக்ஸ் பேங்க் சாவி. ரூட்டாக ஓடும் புரோகிராம்கூட அதன் பாலிசிக்கு அடங்கியே ஆகணும். இதைத்தான் 'மேண்டேட்டரி ஆக்ஸஸ் கன்ட்ரோல்' என்கிறார்கள். அப்பாச்சியில் ஓட்டை போட்டு ஒருவன் நுழைந்தாலும், அப்பாச்சிக்கு அனுமதித்த இடத்தைத் தாண்டி அவன் கை நீளாது.

நம்ம ஃபைல் விஷயம் ரொம்பச் சின்னது. 'மூவ்' செய்தபோது ஹோம் டைரக்டரி லேபிளும் கூடவே வந்துவிட்டது. 'எல்எஸ் -இஸட்' அடித்தால் அது தெரியும். 'ரீஸ்டோர்கான்' அடித்தால் லேபிள் மாறும். ரெண்டே கட்டளை!

"அதெல்லாம் மிலிட்டரி சமாச்சாரம்ப்பா" என்பார்கள். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2000-ல் வெளியிட்டது உண்மைதான். ஆனால் 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் ஃபோனில் அது முழுக் காவலில் நிற்கிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஃபோன் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு அது இடைஞ்சலாக இருக்கிறது? நம்ம ஊர் சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸுக்கு அடிப்படை டெபியன். அந்த டெபியனிலும் 2019 முதல், பத்தாம் பதிப்பிலிருந்து, ஆப்ஆர்மர் என்ற இதே மாதிரிக் காவல் தானாகவே ஆன் ஆகிறது.

பாலிசி எழுதுவது கஷ்டம், ஒத்துக்கிறேன். டிப்ளமோக்காரன் அதை எழுத வேண்டாம், மறுப்பு வந்தால் ஆடிட் லாகைப் படிக்கத் தெரிந்தால் போதும். லேபில் அணைத்துப் பழகிய கை, நாளை வேலைக்குப் போன இடத்தில், ஊரார் விவரமெல்லாம் கிடக்கும் சர்வரிலும் அதையேதானே செய்யும்?

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆப்பரேட்டிங் சிஸ்டம் பிராக்டிகலில் ஒரே ஒரு பயிற்சி சேருங்கள். லேபிள் தப்பான ஃபைல் ஒன்று, எஸ்இலினக்ஸ் ஆனில் இருக்கும் மெஷின் ஒன்று, அரை மணி நேரம். அணைத்தவனுக்கு மார்க் பூஜ்யம்!