மலிவு விலையின் ரகசியம்

சென்ற வாரம் ஸ்கூடாயிலிருந்து தங்கை மகன் வந்தான். சிங்கப்பூருக்குத் தினமும் போய் வந்து சேர்த்த காசு கையில்.

"மாமா, ஒரு பங்குக்கு 5 சென் இலாப ஈவுன்னு அறிவிச்சாங்க. முதல் நாள் 2 வெள்ளி, மறுநாள் காலையில 1.95. மலிவா இருக்கேன்னு 10 லாட் வாங்கினேன். ஈவு வரலியே!"

அவன் வாங்கிய நாள் 'எக்ஸ்' தேதி. அதற்கு முந்திய வர்த்தக நாள் வரை வாங்கியவருக்கே ஈவு. எக்ஸ் தேதியில் வாங்கினால், ஈவு விற்றவருக்குப் போகும். வாங்கிய பங்கு நம் சிடிஎஸ் கணக்கில் சேர இரண்டு வர்த்தக நாள் ஆகும். உரிமைத் தேதியன்று அது யார் கணக்கில் இருக்கிறது என்பதே கணக்கு.

புர்சா மலேசியாவில் ஒரு லாட் 100 பங்கு. ஆக, அவன் எதிர்பார்த்தது 50 வெள்ளி. அந்த 50 வெள்ளி அவன் வாங்கிய விலையிலேயே கழிந்திருந்தது. நட்டமில்லை, மலிவும் இல்லை.

நம் வீடுகளில் பழகிய அமானா சஹாம் மலேசியாவில் ஒரு யூனிட் எப்போதும் 1 வெள்ளி. ஈவு அதற்கு மேல் கூடும். பங்கு அப்படியல்ல. ஈவு நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து போவதால், எக்ஸ் தேதியில் விலையும் பெரும்பாலும் அந்த அளவுக்கு இறங்கும்.

எனவே ஈவுக்காக மட்டும் முதல் நாள் ஓடிப்போய் வாங்கினாலும், தரகுக் கட்டணம்தான் மிஞ்சும். அறிவிப்பில் ஈவுத் தொகையைப் பார்க்கும் முன் எக்ஸ் தேதியைப் பாருங்கள்.