பெயர் எழுதப்படாதவர்கள்

ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், 48ஆம் வயதில், மகள் பரிசாகத் தந்த கேமராவைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் அவர் வீட்டுக் கோழிக் கொட்டில் ஸ்டுடியோ ஆயிற்று. நிலக்கரி போட்டுவைக்கும் அறை இருட்டறை ஆயிற்று.

அக்காலத்து ஈரக் கொலோடியன் முறை கடும் உழைப்பைக் கேட்டது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, அங்கேயே கழுவியாக வேண்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை போன்ற உயரத்துக்கு அதைக் கொண்டுபோவதென்றால் கூடாரம், தகடுகள், தண்ணீர் எல்லாவற்றையும் ஆள் வைத்துச் சுமந்தேற வேண்டும்.  கேமரூனுக்கோ பெரும்பாலும் வீடே களம். கவிஞர் டென்னிசன், அறிவியலாளர்கள் டார்வின், ஹெர்ஷல் அவர் முன் அமர்ந்தார்கள். வீட்டுப் பணிப்பெண்கள் மேரி ஹில்லியரும் மேரி ரயனும் அமர்ந்தார்கள். கூர்மை குறைந்த அவருடைய படங்களைத் தொழில் தெரியாதவரின் பிழை என்று ஒளிப்படச் சங்கத்தார் பழித்தனர். அந்த மென்மை அவர் வேண்டுமென்றே தேர்ந்தது. முகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

1875இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். கணவர் சார்லஸ் ஹே கேமரூனுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைத்துரு நோய் காப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். களுத்துறையிலும் மலைநாட்டிலும் கேமரூன் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றில் உழைக்கும் மக்கள், தமிழர் உட்பட, கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். வைட் தீவுப் பணிப்பெண்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. இவர்களோ ‘களுத்துறை விவசாயிகள்’ போன்ற பொதுத் தலைப்புகளுக்குள் அடங்கிப்போனார்கள். களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நார்த்தையும் கேமரூன் படமெடுத்தார். அந்தப் படத்துக்குப் பெயர் உண்டு. கேமரூனின் கலையைப் போற்றும் எவரும் இந்த வேறுபாட்டைக் கடந்துபோகக் கூடாது. 1879இல் இறந்த அவர் பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லா (1913–2012). பெயர் மறைந்துபோகும் இந்தக் கதை அவரிடம் தலைகீழாகிறது. நேருவும் மவுண்ட்பேட்டனும் அவர் லென்சுக்குள் வந்தார்கள். படங்களில் இருந்தோரை நாடே அறியும். ஆனால் அவர் பம்பாயில் எடுத்த தொடக்ககாலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரிலேயே அச்சேறின. 1942இல் தில்லிக்குச் சென்ற ஹோமாய், 1970 வரை தொழிலில் இருந்தார். பத்ம விபூஷண் விருது 2011இல்தான் அவருக்குக் கிடைத்தது, தொண்ணூற்றேழு வயதில்.